சார்லி பவல்: பாதி வருஷம் ஹெல்மெட், பாதி வருஷம் கிளவுஸ் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முகமது அலியோட சண்டை லிஸ்ட்ட வரிசையா படிச்சுட்டு வந்தா 17-வது ஆளா சார்லி பவல்னு ஒரு பேரு வரும். அதுக்கு முந்தின சண்டை ஆர்ச்சி மூர், அடுத்த சண்டை டக் ஜோன்ஸ், அந்த ரெண்டையும் பத்தி பக்கம் பக்கமா பேசுவாங்க, நடுவுல இருக்கறவர யாரும் கண்டுக்கறதே இல்ல. நானும் பல வருஷம் அப்படித்தான் தாண்டிப் போனேன். ஒரு நாள் சும்மா யாரு இவருன்னு தேடப் போய் மாட்டிக்கிட்டேன், அதுல இருந்து பாக்கறவங்க கிட்டல்லாம் இந்தக் கதையத்தான் சொல்லிட்டு இருக்கேன். அவங்க திருப்பிக் கேட்ட கேள்விங்கள ஒரே இடத்துல போட்டு வெச்சுட்டா அடுத்த தடவை வாய் வலிக்காதுன்னு எழுதறேன்.

கே: முதல்ல யாரு இவரு, சுருக்கமா சொல்லு.

அமெரிக்காக்காரர். 1932 ஏப்ரல் 4 பொறந்தவர், 2014 செப்டம்பர் 1 இறந்தவர். சான் ஃப்ரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் டீமுக்கு 5 சீசன், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் டீமுக்கு 2 சீசன்னு மொத்தம் 7 சீசன் புரொஃபஷனல் புட்பால் ஆடினார். அது நடுவுலயே 1953-ல இருந்து 1965 வரைக்கும் ஹெவிவெயிட் பாக்ஸிங். 39 சண்டை, 25 ஜெயிச்சார், 11 தோத்தார், 3 டிரா. ஜெயிச்ச 25-ல 17 நாக்கவுட். தோத்த 11-ல ஒண்ணு அலி கிட்ட, இன்னொண்ணு உலக சாம்பியனா இருந்த ஃபிளாய்ட் பேட்டர்சன் கிட்ட.

கே: புட்பால்னா நம்ம மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுறதா?

இல்லப்பா. ஹெல்மெட் போட்டு முட்டை மாதிரி பந்த கையில தூக்கிட்டு ஓடுவாங்களே, அந்த அமெரிக்கன் புட்பால். அதுல இவர் டிஃபென்சிவ் எண்ட். எதிர் டீமோட குவார்ட்டர்பேக் பந்த வெச்சுக்கிட்டு யாருக்கு எறியலாம்னு பாத்துட்டு நிப்பான், அவன் எறியறதுக்குள்ள முன்னாடி மதில் மாதிரி நிக்கற ஆளுங்கள சுத்திப் போயோ உடைச்சுக்கிட்டுப் போயோ அவன கீழ தள்ளணும், அதான் வேலை. அப்படித் தள்ளினா அதுக்குப் பேரு சாக். பெரிய உடம்பும் வேணும், பூனை மாதிரி வேகமும் வேணும், ரெண்டுல ஒண்ணு மட்டும் இருக்கறவனுக்கு அங்க வேலை இல்ல.

கே: சின்ன வயசுலயே பெரிய ஆளா?

பொறந்தது டெக்சாஸ், வளந்தது கலிஃபோர்னியால சான் டியாகோவுல லோகன் ஹைட்ஸ்னு ஒரு ஏரியா. சான் டியாகோ ஹை ஸ்கூல்ல புட்பால், பாஸ்கெட்பால், பேஸ்பால், தடகளம்னு நாலு விளையாட்டுலயும் ஸ்கூல் டீம். 1950-ல கலிஃபோர்னியா மாநிலத்துலயே சிறந்த ஹை ஸ்கூல் புட்பால் வீரர்னு தேர்ந்தெடுத்தாங்க. கலிஃபோர்னியா எவ்ளோ பெரிய ஊரு, எத்தன ஸ்கூல், அதுல நம்பர் ஒண்ணு. பாஸ்கெட்பால வெச்சு வித்தை காட்டுவாங்களே ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ், அவங்களும் எங்ககிட்ட வாப்பான்னு கூப்பிட்டாங்க. காலேஜுங்களும் வரிசையில நின்னுச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு அவர் போனது பேஸ்பாலுக்கு.

கே: பேஸ்பாலா? அது வேறயா?

ஆமா, அது வேற. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ்னு ஒரு பெரிய லீக் டீம் அப்போ இருந்துச்சு, பில் வீக்னு ஒருத்தர் முதலாளி, அந்த டீம் இவர கையெழுத்து வாங்கி 1952-ல ஸ்டாக்டன்ல இருக்கற சின்ன லீக் டீமுக்கு அனுப்புச்சு. பெரிய லீக்குக்கு வரணும்னா இந்த மாதிரி சின்ன ஊர் டீம்ல பஸ்ஸுல சுத்தி சுத்தி வருஷக்கணக்கா தேறணும். இவருக்கு அவ்ளோ பொறுமை இல்ல போல, அந்த சீசன் முடியறதுக்குள்ளயே விட்டுட்டு புட்பாலுக்கு வந்துட்டார். இதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா மூணு விளையாட்டுல காசு வாங்கிட்டு ஆடின மனுஷன்னு கணக்குல சேத்துக்கலாம்.

கே: காலேஜ்ல ஆடாம நேரா என்எஃப்எல்லுக்கா?

அதான் ஆச்சரியம். என்எஃப்எல்னா அங்க இருக்கற பெரிய புரொஃபஷனல் புட்பால் லீக். காலேஜ்ல நாலு வருஷம் ஆடிட்டு 22, 23 வயசுல அதுக்கு வர்றதுதான் அங்க வழக்கம். இவர் 1952-ல ஃபார்ட்டி நைனர்ஸ்ல சேந்தப்போ வயசு 20, இல்ல, 19-தான்னு சொல்றவங்களும் உண்டு, எப்படிப் பாத்தாலும் அந்த லீக்ல அப்போ ஆடினவங்கள்ல ரொம்ப சின்னப் பையன். சுத்தி நிக்கறவன் எல்லாம் அஞ்சாறு வயசு மூத்தவன், சில பேர் ரெண்டாம் உலகப் போருக்கே போயிட்டு வந்த ஆளுங்க.

இவரோட ஆரம்ப மேட்ச் டெட்ராய்ட் லயன்ஸ் கூட. அவங்க குவார்ட்டர்பேக் பாபி லேன், அப்போ லீக்ல இருந்த பெரிய தலைங்கள்ல ஒருத்தர். ஹை ஸ்கூல் முடிச்சு ஒண்ணு ரெண்டு வருஷமே ஆன இந்தப் பையன் அவர திரும்பத் திரும்பப் புடிச்சு சாய்ச்சதுல மொத்தம் 67 கெஜம் பின்னாடி போச்சுன்னு சொல்றாங்க. மீட்டர்ல 61. புட்பால்ல ஒவ்வொரு கெஜத்துக்கும் உயிரக் குடுத்து சண்டை போடுவாங்க, அதுல ஒரே ஆளால 67 கெஜம். ஒரு விஷயம் கவனிக்கணும், சாக்குங்கறத என்எஃப்எல் அதிகாரபூர்வமா எண்ண ஆரம்பிச்சதே 1982-லதான், அதனால பவலோட மொத்த கேரியர்ல எத்தன சாக்னு எந்த டேபிள்லயும் நீங்க பாக்க முடியாது. அந்த தலைமுறை டிஃபென்ஸ் ஆளுங்க எல்லாருக்கும் இந்த அநியாயம்தான். ஓடினவனுக்கும் எறிஞ்சவனுக்கும் நம்பர் இருக்கு, சாய்ச்சவனுக்கு இல்ல.

கே: நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு, அப்புறம் எதுக்கு பாக்ஸிங்?

ரெண்டு காரணம், காசும் காலண்டரும். இப்போ மாதிரி கோடி கோடியா சம்பளம்னு நெனச்சுடாதீங்க. 1950கள்ல என்எஃப்எல் சீசன் 12 மேட்ச், செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடிஞ்சிடும், மிச்ச மாசத்துக்கு ஆளுங்க வேற வேலைக்குப் போவாங்க, கார் விப்பாங்க, இன்சூரன்ஸ் புடிப்பாங்க, கட்டட வேலை பாப்பாங்க. ஆறு அடி மூணு அங்குலம் உயரம், 100 கிலோ பக்கம் எடை, இருவது வயசு, கையில இடி மாதிரி பலம், இப்படி ஒருத்தன் இன்சூரன்ஸ் வித்துட்டு இருப்பானா?

பவல் மட்டும் இல்ல. அதே ஃபார்ட்டி நைனர்ஸ் டிஃபென்ஸ்ல லியோ நோமெலினினு இன்னொரு மலை இருந்தார், பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம்னு பெரிய வீரர்களுக்கான கௌரவ லிஸ்ட்ல இடம் புடிச்சவர், அவர் சீசன் முடிஞ்சதும் புரொஃபஷனல் ரெஸ்லிங் போயிடுவார், 1955-ல ரெஸ்லிங் சாம்பியன் லூ தெஸ் கூடவே மோதினார். ஒரே டீம்ல ஒருத்தர் ரெஸ்லர், ஒருத்தர் பாக்ஸர். எதிர் டீம்காரன் நிலைமைய யோசிச்சுப் பாருங்க.

பவல் 1953-ல முதல் புரொஃபஷனல் சண்டை போட்டார். 1954-ல புட்பாலையே ஒரு வருஷம் ஒதுக்கி வெச்சுட்டு முழுசா ரிங்ல இறங்கினார். 55, 56, 57 திரும்ப புட்பால். 58, 59 பாக்ஸிங். 60, 61 ரெய்டர்ஸ். அதுக்கப்புறம் 65 வரைக்கும் பாக்ஸிங். எழுதிப் பாத்தாதான் தெரியுது, ஒரு மனுஷன் இப்படி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துட்டே இருந்திருக்கார்.

கே: ரெண்டும் அடிதடிதானே? புட்பால்ல முரட்டு ஆளா இருந்தா பாக்ஸிங் ஈஸியா வராதா?

எல்லாரும் கேக்கறது இது. பாக்கறதுக்கு ஒண்ணு மாதிரி தெரியும், உடம்புக்கு அது ரெண்டும் கிட்டத்தட்ட எதிரி.

மூச்ச எடுத்துக்கோங்க. புட்பால்ல ஒரு ஆட்டம் அஞ்சாறு செகண்ட், உயிரக் குடுத்து மோதிட்டு அப்புறம் அரை நிமிஷத்துக்கு மேல நின்னு மூச்சு வாங்கலாம், பந்து கைமாறினா பெஞ்சுல போய் உக்காந்து தண்ணி குடிக்கலாம். பாக்ஸிங்ல மூணு நிமிஷம் ஓயாம, ஒரு நிமிஷம் ஸ்டூல்ல, மறுபடி மூணு நிமிஷம், இப்படி பத்து ரவுண்டு. அதுலயும் அடி வாங்கிட்டே மூச்சு விடணும். கபடில ஒரு ரெய்டுக்கு மூச்சு புடிக்கறவன மலை ஏறச் சொன்ன மாதிரி.

அடுத்தது தலை. புட்பால்ல குனிஞ்சு, தலைய முன்னாடி குடுத்து, உடம்பு மொத்தத்தையும் தூக்கி எறியணும்னு வருஷக்கணக்கா பழக்குவாங்க. பாக்ஸிங்ல அப்படிக் குனிஞ்சு முன்னாடி வந்தா கீழ இருந்து ஒரு அப்பர்கட், முடிஞ்சது கதை. புட்பால்ல மோதற நொடில கண்ண மூடினாலும் பரவால்ல, ரிங்ல கண்ண மூடினவன் எழுந்திரிக்க மாட்டான். குத்தோட பலமும் தோள்ல இருந்து வர்றது இல்ல, பாதத்துல ஆரம்பிச்சு இடுப்பு வழியா சுழண்டு வரணும், பெருசா மசில் ஏத்தின தோள் அந்தச் சுழற்சிக்கு குறுக்க நிக்கும். எல்லாத்துக்கும் மேல, பத்து வயசுல இருந்து ஜிம்லயே கிடக்கறவனுக்கு எதிராளி தோள் அசையறப்பவே குத்து எந்தப் பக்கம் வரும்னு தெரியும், இருவது வயசுல உள்ள வர்றவனுக்கு அது வாழ்நாள் முழுக்க அரை நொடி லேட்டாத்தான் தெரியும்.

பவல் கிட்ட இருந்த பெரிய சொத்து சைஸ். அந்தக் காலத்துல 175 பவுண்டுக்கு மேல, அதாவது 79 கிலோ தாண்டினாலே ஹெவிவெயிட், மேல வரம்பு கிடையாது. உலக சாம்பியன் ராக்கி மார்சியானோவே 84, 85 கிலோதான், பேட்டர்சன் 86, 87 பக்கம். அந்தக் கூட்டத்துல 100 கிலோ பக்கம் நின்ன ஆளு, அதுவும் ஓட்டப்பந்தயத்துல ஓடின கால்.

கே: சீக்கிரமே மேல வந்துட்டாரா?

வந்தார், ஆனா 1954-ல சார்லி நோர்கஸ்னு ஒரு முரடன் கிட்ட மாட்டினார். ஊரு சான் ஃப்ரான்சிஸ்கோ, அதாவது பவலோட சொந்த டீம் ஊரு, ரசிகர்களும் இவர் பக்கம்தான். ரெண்டு பேரும் தடுப்புங்கற வார்த்தையையே மறந்துட்டு மாத்தி மாத்தி சாய்ச்சாங்க, ஏழாவது ரவுண்டுல நோர்கஸ் முடிச்சு வெச்சுட்டார். டிவில வந்த சண்டை, பாத்தவங்க ரொம்ப நாளைக்கு மறக்கல. எனக்கு இத படிச்சப்போ தோணினது, இது ரெண்டு பாக்ஸர் சண்டை இல்ல, ஒரு பாக்ஸருக்கும் புட்பால் ஆடற மாதிரியே பாக்ஸிங் போட்ட ஒருத்தருக்கும் நடந்த சண்டை. அடுத்த வருஷம் மைதானத்துக்கே திரும்பிட்டார்.

கே: 1957-ல ஃபார்ட்டி நைனர்ஸ் ஜெயிக்க வேண்டியதுன்னு சொல்வாங்களே, அதுல இவர் இருந்தாரா?

இருந்தார், ஃபார்ட்டி நைனர்ஸுக்கு அவரோட கடைசி சீசன் அது. அந்த வருஷம் அக்டோபர்ல மேட்ச் நடக்கும்போதே டீம் முதலாளி டோனி மொராபிட்டோ மாரடைப்புல இறந்துட்டார். அந்த சோகத்தோட சீசன முடிச்சு, டெட்ராய்ட்டோட சம நிலையில வந்து, டிசம்பர் 22 கெஸார் ஸ்டேடியத்துல பிளே-ஆஃப். ஃபார்ட்டி நைனர்ஸ் 27-7னு முன்னாடி இருந்தாங்க. முடியும்போது ஸ்கோர் 31-27, ஜெயிச்சது டெட்ராய்ட். சான் ஃப்ரான்சிஸ்கோ பெருசுங்க கிட்ட அத ஞாபகப்படுத்தினா இப்பவும் மூஞ்சி சுருங்கும்.

கே: அவரோட பெரிய வெற்றி எது?

சந்தேகமே வேணாம், 1959 மார்ச், மயாமி பீச், நீனோ வால்டெஸ். கியூபாக்காரர், இவர் அளவுக்கே உயரம், 1953-லயே முன்னாள் உலக சாம்பியன் எஸ்ஸார்ட் சார்லஸ ஜெயிச்சவர், அந்த நேரத்துல ஹெவிவெயிட் தரவரிசைல ரெண்டாவது இடம். அவர பவல் எட்டாவது ரவுண்டுல நாக்கவுட் பண்ணிட்டார், அதுவும் டிவில. அதே வால்டெஸ அஞ்சு மாசம் கழிச்சு, ஆகஸ்ட்ல, ஒருத்தர் மூணு ரவுண்டுல முடிச்சார், அவர் பேரு சானி லிஸ்டன், பின்னாடி உலக சாம்பியன் ஆனவர். லிஸ்டனுக்கு முன்னாடி பவல் அந்த வேலைய செஞ்சுட்டார்னு சொல்றதுல எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த வெற்றிக்கப்புறம் பவல் பேரும் உலகத் தரவரிசைல மேல ஏறுச்சு, நாலாவது இடம் வரைக்கும். புட்பால் ஆடிட்டு வந்த ஆளு உலகத்துல நாலாவது ஹெவிவெயிட். அவருக்கு முன்னாடியும் சரி பின்னாடியும் சரி, என்எஃப்எல்லுல ஆடிட்டு வந்து அந்த உயரத்த தொட்ட வேற ஆள் பேரு எனக்குத் தோண மாட்டேங்குது.

கே: நாலாவது இடம்னா டைட்டில் சண்டை கிடைச்சிருக்கணுமே?

கிடைக்கல. அப்போ சாம்பியன் பேட்டர்சன், அந்த ஜூன்லயே ஸ்வீடன்காரர் இங்கெமார் ஜோஹான்சன் கிட்ட பெல்ட்ட இழந்துட்டார், அப்புறம் அவங்க ரெண்டு பேரும் மறுபடி மறுபடி மோதினதுல 1961 வரைக்கும் டைட்டில் வேற யார் கைக்கும் போகல. பவலும் அந்த உயரத்துலயே நிக்கல. அடுத்த வருஷமே பாத்தா தலையில மறுபடி ஹெல்மெட்.

கே: ரெய்டர்ஸ் எப்படி வந்துச்சு?

1960-ல என்எஃப்எல்லுக்குப் போட்டியா ஏஎஃப்எல்னு புது லீக், 8 டீம். அதுல எட்டாவதா கடைசி நேரத்துல ஒட்டினதுதான் ஓக்லண்ட். மினியாபொலிஸ் டீம் என்எஃப்எல் பக்கம் தாவிட்டதால அந்தக் காலி இடத்துல இவங்க. பேரு ஓக்லண்ட், ஆனா ஆட ஓக்லண்ட்ல மைதானமே இல்ல, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் ஃப்ரான்சிஸ்கோவுல போய் ஆடினாங்க. பவல் முன்னாடி ஆடின அதே கெஸார் ஸ்டேடியத்துலயே! முதல் வருஷம் 6 வெற்றி 8 தோல்வி, அடுத்த வருஷம் 2 வெற்றி 12 தோல்வி. அதோட அவர் புட்பால் கதை முடிஞ்சது.

கே: சரி, அலி சண்டைக்கு வா. என்ன நடந்துச்சு?

1963 ஜனவரி 24, பிட்ஸ்பர்க், சிவிக் அரீனா. அப்போ அவர் அலி இல்ல, கேஷியஸ் க்ளே, வயசு 21 முடிஞ்சு ஒரு வாரம். 16 சண்டை, 16 வெற்றி. எதிராளி எத்தனாவது ரவுண்டுல விழுவான்னு முன்கூட்டியே சொல்லிட்டு அதே ரவுண்டுல விழ வெக்கறதுதான் அந்தப் பையனோட டிரேட்மார்க். பவலுக்கு மூணுன்னு சொன்னான்.

இதுல ஒரு கிளைக்கதை. க்ளே அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி சாய்ச்ச ஆர்ச்சி மூர் சான் டியாகோவுல குடியிருந்தவர், க்ளே ஆரம்பத்துல கொஞ்ச நாள் அவர்கிட்டயே பயிற்சிக்குப் போயிருந்தான், அங்க தரை கூட்டச் சொன்னது புடிக்காம ஓடி வந்துட்டான்னு சொல்வாங்க. ஆக அடுத்தடுத்து ரெண்டு சண்டைலயும் எதிர்ல நின்னது சான் டியாகோ ஆளுங்க. ஊரே பழிவாங்க ஆளனுப்பின மாதிரி ஆயிடுச்சு.

ஜனவரி குளிர்லயும் 17,000 பேருக்கு மேல வந்துட்டாங்க. முதல் ரெண்டு ரவுண்டு பவல் முன்னாடி போய்ட்டே இருந்தார், எடையிலயும் இவர்தான் பெரிய ஆளு. அவர் கணக்கு என்னன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார். முதல் அடி வாங்கினப்போ, அட இவ்ளோதானா, ரெண்டு வாங்கிட்டு ஒண்ணு குடுத்தா போதும்னு நெனச்சாராம். கொஞ்ச நேரம் போனா ஒவ்வொரு அடிக்கும் தலை சுத்தறது கூடிட்டே போகுது, அந்தப் பையன் அலட்டாம சும்மா தட்டற மாதிரி அடிக்கறான், எவ்ளோ உள்ள இறங்கியிருக்குன்னு புரியறதுக்குள்ள நேரம் கடந்துடுச்சுன்னு.

மூணாவது ரவுண்டுல ரெண்டு கையாலயும் மழை. 2 நிமிஷம் 4 செகண்ட்ல பவல் கீழ. க்ளே சொன்ன ரவுண்டுதான். அந்த மனுஷன் சொன்னத நான் அடிக்கடி நெனச்சுப்பேன், ஏன்னா அது புட்பால்காரன் கணக்கு. ரெண்டு அடி வாங்கி ஒரு அடி குடுக்கறது மைதானத்துல லாபம், அங்க எல்லா அடியும் வெளிப்படையா வரும், வலிக்கும், தெரியும். வலிக்காத மாதிரி வந்து மூளைய ஆட்டற அடிக்கு அந்தக் கணக்குல இடமே இல்ல.

க்ளே அடுத்த வருஷம் பிப்ரவரி 25 லிஸ்டன ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

கே: பேட்டர்சன் சண்டை?

1964 டிசம்பர் 12, போர்ட்டோ ரிக்கோவுல சான் ஹுவான். பேட்டர்சன் அப்போ டைட்டில இழந்து லிஸ்டன் கிட்ட ரெண்டு தடவை முதல் ரவுண்டுலயே விழுந்து எந்திரிச்சு திரும்ப மேல வந்துட்டு இருந்தார். ஆறாவது ரவுண்டுல பவல் அவுட். அடுத்த வருஷம் பவல் கிளவுஸ கழட்டிட்டார்.

கே: 11 தோல்வி இருக்கே. டூ டால் ஜோன்ஸ் ஒரு சண்டை கூட தோக்கலையே, அவர்தானே பெரிய ஆளு?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்ளோ நேரம் எழுதினேன்னு வெச்சுக்கோங்க.

எட் ஜோன்ஸ், பட்டப்பேரு டூ டால், ரொம்ப உயரம்னு அர்த்தம், 6 அடி 9 அங்குலம். 1974-ல என்எஃப்எல் டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க காலேஜ் வீரர்கள முறை வெச்சு எடுக்கறதுல, முதல் ஆளா டல்லஸ் கவ்பாய்ஸ் எடுத்தாங்க. என்எஃப்எல் ஃபைனலான சூப்பர் பவுல் எல்லாம் ஜெயிச்சுட்டு 1979-ல, 28 வயசுல, நல்ல ஃபார்ம்ல இருக்கும்போதே நான் பாக்ஸராகப் போறேன்னு கிளம்பிட்டார். நவம்பர்ல முதல் சண்டை, ஜனவரி கடைசில ஆறாவது சண்டை. 6-0, அதுல 5 நாக்கவுட். அதோட போதும்னு 1980-ல திரும்ப கவ்பாய்ஸுக்கே வந்து இன்னும் பத்து சீசன் ஆடினார், போறதுக்கு முன்னாடி ஆடினத விட வந்தப்புறம் ஆடினதுதான் பிரமாதம், 81, 82, 83 மூணு வருஷமும் புரோ பவுல், அதாவது லீக்கோட சிறந்த ஆளுங்கள மட்டும் எடுக்கற மேட்ச். கவ்பாய்ஸுக்காக 224 மேட்ச். புட்பால் வீரரா பாத்தா அவர் எங்கயோ, பவல் எங்கயோ, அதுல சண்டைக்கே வர மாட்டேன்.

ஆனா பாக்ஸிங்? மூணு மாசத்துல ஆறு பேர், அதுல ஒருத்தர் பேரு கூட தரவரிசை பக்கம் தலைவெச்சுப் படுத்தது இல்ல. டிவி கேமராவுக்காக பொறுக்கி எடுத்த ஆளுங்க. அதுலயே முதல் சண்டைல அபிரகாம் யாக்கி மெனெசெஸ்னு ஒருத்தர் கிட்ட தடுமாறி, மூணு நடுவர்ல ரெண்டு பேர் தீர்ப்புலதான் தப்பிச்சார். அவர் புத்திசாலி, நேரத்தோட திரும்பிட்டார், நான் குத்தம் சொல்லல.

பவலோட 11 தோல்விய எடுத்துப் பாருங்க. எதிர்ல நின்னது அலி, பேட்டர்சன், நோர்கஸ். யார் கூடல்லாம் நின்னான்னு பாத்துத்தான் பாக்ஸர எடை போடணும். தோல்வி பக்கம் சுத்தமா வெச்சுக்கணும்னா வழி இருக்கு, பெரிய ஆளுங்க பக்கம் போகாம இருந்தா போதும். பவல் போனார். 6-0 ஒரு விருந்தாளியோட ரெக்கார்டு, 25-11-3 அந்த வீட்லயே குடியிருந்தவரோட ரெக்கார்டு.

கே: இப்படி ரெண்டு பக்கமும் போனவங்க வேற யாராவது?

இருக்காங்க. அலோன்சோ ஹைஸ்மித்னு ஒருத்தர், 1987 டிராஃப்ட்ல மூணாவது ஆளு, ஹூஸ்டன் ஆயிலர்ஸ்ல ஆடினவர், முட்டிக்கால் பிரச்சனைல புட்பால் நின்னு போனப்புறம் பாக்ஸிங் வந்து 27-1-2னு முடிச்சார். நம்பர் அழகா இருக்கு, மேல ஜோன்ஸுக்கு சொன்னதையே இங்கயும் போட்டுப் பாத்துக்கோங்க. இன்னும் சில பேர் ரெண்டு மூணு சண்டை போட்டுட்டு போயிருக்காங்க, அத கேரியர்னு சொல்ல மாட்டேன்.

கே: அவர் தம்பியும் புட்பால் வீரராமே?

ஆர்ட் பவல். அண்ணனுக்கு அஞ்சு வயசு சின்னவர். புட்பால்ல அண்ணன விட பெரிய பேரு, ரிசீவர், அதாவது எறியற பந்த ஓடிப் புடிக்கற ஆளு. ஏஎஃப்எல்லுல மட்டும் 81 டச் டவுன் கேட்ச், அதாவது பந்தப் புடிச்சு எதிர் டீம் எல்லைல சேத்து பாயிண்ட் எடுத்தது. நியூ யார்க் டைட்டன்ஸ்ல ஆடிட்டு 1963-ல ரெய்டர்ஸுக்கு வந்தார், அண்ணன் போய் ரெண்டு வருஷம் கழிச்சு.

ஆனா அவர பத்தி சொல்ல வேண்டியது கேட்ச் இல்ல. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல அப்போ கறுப்பர்களுக்கு தனி ஹோட்டல், மைதானத்துல தனி இடம். வெள்ளைக்கார சக வீரர்கள் ஒரு ஹோட்டல்ல, நீங்க வேற எங்கயாவதுன்னு சொன்னா பெரும்பாலும் பல்லக் கடிச்சுட்டு போயிடுவாங்க. ஆர்ட் பவல் ஆட மாட்டேன்னு சொல்லிடுவார், 1959-ல ஈகிள்ஸ் டீம்ல புதுப் பையனா இருக்கும்போதே சொன்னார், வேலை போகும்னு தெரிஞ்சும். 1963-ல ரெய்டர்ஸ் அலபாமால மொபைல் ஊர்ல ஒரு மேட்ச் ஆட இருந்தாங்க, ரசிகர்கள தனித்தனியா உக்கார வெக்கற ஊரு, இவரும் இன்னும் சில கறுப்பின வீரர்களும் மறுத்ததால அந்த மேட்ச்சையே ஓக்லண்டுக்கு மாத்தினாங்க. 1965 ஜனவரில நியூ ஆர்லியன்ஸ்ல ஆல்-ஸ்டார் மேட்ச்சுக்குப் போன கறுப்பின வீரர்கள டாக்ஸில ஏத்தல, கடைல விடலன்னு எல்லாரும் சேந்து புறக்கணிச்சாங்களே, அந்தக் கூட்டத்துலயும் இருந்தார். அண்ணன் ரிங்ல பாதி, தம்பி வெளில பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க போல.

கே: கடைசி காலம் எப்படி இருந்துச்சு?

82 வயசு வரைக்கும் இருந்தார். கடைசி வருஷங்கள்ல ஞாபக மறதி நோய். அது எதனால வந்துச்சுன்னு நான் தீர்ப்பு சொல்ல முடியாது, வயசாலயும் வரும். ஆனா கூட்டிக் கழிச்சுப் பாக்காம இருக்க முடியல. ஹெல்மெட் முன்னாடி முகத்துக்கு கம்பி வெக்கறதே 1950கள்லதான் பரவ ஆரம்பிச்சுச்சு. பாக்ஸர்களுக்கு மூளை பாதிக்கறத பத்தி மார்ட்லேண்ட்னு ஒரு டாக்டர் 1928-லயே எழுதிட்டார். புட்பால்காரங்களுக்கும் அதே மாதிரி வருதுன்னு பென்னெட் ஒமாலுங்கற டாக்டர் மைக் வெப்ஸ்டர்னு ஒரு வீரரோட மூளைய ஆராய்ஞ்சு எழுதினது 2005-ல. ஒமாலு வேலை பாத்த ஊரு பிட்ஸ்பர்க், பவல் க்ளே கிட்ட விழுந்த அதே ஊரு. ரெண்டு விளையாட்டோட அடியும் ஒரே தலைல வாங்கினவர் ஒமாலுவோட ஆராய்ச்சி வர்றதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே ஓய்வு வாங்கிட்டார்.

கே: சண்டை வீடியோ பாக்க கிடைக்குமா?

க்ளே சண்டை படம் இருக்கு, கறுப்பு வெள்ளை, தேடினா வரும். எல்லாரும் மூணாவது ரவுண்டுக்கு தாவிடுவாங்க, க்ளே கையையே பாப்பாங்க. நீங்க முதல் ரவுண்டுல இருந்து போட்டு, பவல மட்டும் பாருங்க. அடி வாங்கறார், பின்னாடி போகல, திரும்பவும் முன்னாடிதான் வர்றார், குவார்ட்டர்பேக் அங்கயே நின்னுட்டு இருப்பான்னு நெனச்சுட்டு வர்ற மாதிரியே.